உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடும் மருந்து

ஒரு வாசகி எழுதியிருந்தார்: “கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்தார்கள். ஊசி போட்டதும் பாதி உதடு மரத்துவிட்டது, வலி துளியும் இல்லை. ஆனால் டாக்டர் பல்லை அழுத்தியது, ஆட்டியது, ‘கறக்’கென்று உடைத்தது எல்லாம் தெரிந்தது. மருந்து பாதிதான் வேலை செய்ததா?”

இல்லை, மருந்து முழுசாகவே வேலை செய்திருக்கிறது. அது எப்படி என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

முதலில் பல்லை முடித்துவிடுவோம். ஞானப்பல் என்பது மூன்றாவது கடைவாய்ப்பல். பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், மற்ற பற்களெல்லாம் இடம்பிடித்து உட்கார்ந்த பிறகு, கடைசியாக வந்து சேரும். இடமில்லையென்றால் சாயும், படுக்கும், பக்கத்துப் பல்லில் போய் முட்டும். பாதி மூடிய ஈறின் இடுக்கில் உணவுத் துணுக்கு சேர்ந்து சீழ் பிடிக்கும். எடுத்தால் ஞானம் குறையுமா என்று கேட்காதீர்கள். வரும்போது எவ்வளவு கொண்டுவந்தது என்பது அவரவருக்கே தெரியும்.

மேல்தாடை எலும்பு நுண்துளைகள் நிறைந்தது. பல்லுக்குப் பக்கத்தில் ஊசி போட்டாலே மருந்து ஊறி வேருக்குப் போய்விடும். கீழ்த்தாடையின் பின்பகுதி அப்படியல்ல, கெட்டி எலும்பு. அதனால் பல்லை விட்டுவிட்டு, வாயின் கடைக்கோடியில், நரம்பு தாடை எலும்புக்குள் நுழைகிற துளைக்கு அருகே ஊசி போடுகிறார்கள். மடையிலேயே அடைத்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாதல்லவா? அதே கதைதான். அந்தப் பக்கப் பற்கள், கீழுதடு, மோவாய் எல்லாம் ஒரே அடைப்பில் அடங்கிவிடும். நாக்குக்குப் போகும் நரம்பும் பக்கத்திலேயே ஓடுவதால் பாதி நாக்கும் கூடவே மரத்துப்போகும்.

சரி, அடைப்பது எதை? நரம்பில் செய்தி ஓடுவது சோடியம் அயனிகளால் என்று பள்ளியில் படித்திருப்போம். நரம்பு இழையின் சவ்வில் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. ஒன்று திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால் அடுத்தது திறக்கும், அப்புறம் அதற்கு அடுத்தது. இந்தத் தொடர் மூளை வரை போனால்தான் அது வலி. பல் டாக்டர் ஊசியில் ஏற்றுகிற மரக்கச் செய்யும் மருந்தான லிடோகெயின் இந்த வாசலை மூடுகிறது. ஆனால் அதன் தாழ்ப்பாள் இருப்பது வாசலின் உள்பக்கம். மருந்தோ வெளியே நிற்கிறது. நடுவில் கொழுப்பாலான சவ்வு. மின்னூட்டம் உள்ள எதையும் கொழுப்புச் சுவர் சுலபத்தில் உள்ளே விடாது.

லிடோகெயினுக்கு இரண்டு வேஷம் உண்டு. ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டால் மின்னூட்டம் உள்ள மூலக்கூறு. அது நீரில் நன்றாகக் கரையும். அயனியை விட்டுவிட்டால் மின்னூட்டம் இல்லாதது, கொழுப்பில் நுழையும். ஊசிக் குழலுக்குள் இருப்பது ஏறக்குறைய முழுவதும் முதல் வேஷம். அந்தக் கரைசல் கொஞ்சம் அமிலமானது. மருந்து ஏறும்போது சுரீரென்று எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். உடலுக்குள் வந்ததும், 7.4 பி.எச். சூழலில் (பி.எச். என்பது அமிலத்தன்மையைச் சொல்லும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடும்), சுமார் நாலில் ஒரு பங்கு மூலக்கூறுகள் அயனியைக் கழற்றிப் போடுகின்றன. அவை மட்டும் சுவரைக் கடக்கின்றன. உள்ளே போனதும் பல மூலக்கூறுகள் அங்கிருக்கிற ஹைட்ரஜன் அயனியை எடுத்து மாட்டிக்கொண்டு பழைய வேஷத்துக்குத் திரும்பும். அந்த வேஷத்தில் போய்த்தான் வாசலுக்குள் உட்கார்ந்து தாழ்ப்பாள் போடுகின்றன! வெளியே மிச்சமிருப்பவற்றில் மறுபடி நாலில் ஒரு பங்கு அயனியைக் கழற்றும், அதுவும் உள்ளே போகும். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத தந்திரம் இது.

இன்னொன்று. அடிக்கடி திறந்து மூடும் வாசலில் இந்த மருந்து இன்னும் நன்றாக ஒட்டும். அதாவது, அதிகமாகக் கத்துகிற நரம்பின் வாயைத்தான் முதலில் பொத்துகிறது.

சீழ் பிடித்த பல் என்றால் சில சமயம் “முதலில் மருந்து சாப்பிடுங்கள், அப்புறம் எடுக்கலாம்” என்று திருப்பி அனுப்புவதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. அழற்சி உள்ள இடம் அமிலமாகிவிடும். பி.எச். 6.4 வரை இறங்கினால் அயனியைக் கழற்றும் மூலக்கூறுகள் நூற்றுக்கு மூன்றுதான். மீதியெல்லாம் சுவருக்கு வெளியே காத்துக் கிடக்க வேண்டியதுதான். போதாததற்கு அங்கே ரத்த ஓட்டமும் அதிகம். வந்த மருந்தை வாரிக்கொண்டு போய்விடும். நல்ல இடத்தில்கூட இந்தத் தொல்லை உண்டு என்பதால்தான் பெரும்பாலும் மருந்தோடு துளி அட்ரினலின் சேர்க்கிறார்கள். அது ரத்தக் குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்திவைக்கும். ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடப்பது அதனாலும்தான். பயத்தால் மட்டும் என்று வெட்கப்பட வேண்டாம்.

இப்போது வாசகியின் கேள்வி. வலியைச் சுமப்பவை மெல்லிய நரம்பு இழைகள், அழுத்தத்தைச் சுமப்பவை தடித்தவை. மெல்லியவை பொதுவாகச் சீக்கிரம் அடங்கும், தடித்தவை தாக்குப்பிடிக்கும். அதோடு, டாக்டர் அழுத்தும் விசை தாடை மூட்டுக்கும் மறுபக்கத்துக்கும் போகிறது. அங்கெல்லாம் மருந்து இல்லை. ‘கறக்’ சத்தமோ எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போகிறது. காதை யாரும் மரக்கச் செய்யவில்லையே.

இந்த மருந்து பிறந்த கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1930களில் ஸ்டாக்ஹோமில் பார்லிப் பயிரின் மரபுக் குறைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதில் கிடைத்த கிராமைன் என்ற பொருளின் அமைப்பைக் கண்டுபிடிக்க முயன்றபோது, ஹோல்கர் எர்ட்மன் என்ற வேதியியலாளர் அதன் உறவுக்கார மூலக்கூறு ஒன்றைத் தயாரித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். நாக்கு மரத்துப்போனது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போன நில்ஸ் லோஃப்கிரேன் 1943இல் லிடோகெயினை உருவாக்கினார். அவருடன் வேலை செய்த பெங்ட் லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்தார். 1948இல் விற்பனைக்கு வந்தது. பார்லி ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டபோது, “இதனால் பல் வலிக்காரருக்கு என்ன பயன்?” என்று ஒரு குழு கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? ஒவ்வொரு திட்டத்துக்கும் உடனடிப் பலன் கேட்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பார்லிதான் ஞாபகம் வரும்.

பல் எடுத்தால் கண் பார்வை மங்கும் என்று இன்னும் பயப்படுகிறார்கள். பல்லுக்கு வருவது ஐந்தாவது மூளை நரம்பு. பார்வைக்கு இரண்டாவது. இரண்டும் தனித்தனித் தடங்கள். சீழ்ப்பல்லை வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

எடுத்த பிறகு எல்லாம் ரத்தக்கட்டி கையில். குழியை மூடும் அந்தச் சிவப்பு மூடிக்குக் கீழேதான் எலும்பும் நரம்பு முனைகளும் இருக்கின்றன. முதல் நாள் துப்புவது, வாயை வேகமாகக் கொப்பளிப்பது, உறிஞ்சுகுழலில் குடிப்பது, புகைப்பது எல்லாம் அதை அசைக்கும். கட்டி கரைந்தோ கழன்றோ போனால் எலும்பு வெளியே தெரியும். மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் காதுவரை பாயும் வலி தொடங்கினால் உடனே டாக்டரிடம் போங்கள். வீக்கம் இரண்டு, மூன்று நாள் வரை ஏறித்தான் இறங்கும்; அதற்காக மட்டும் பதற வேண்டாம். வெதுவெதுப்பான உப்பு நீர் ஒரு நாள் கழித்துப் போதும்.

லிடோகெயின் நரம்பிலேயே அழிவதில்லை. மெல்ல ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய் அங்கேதான் சிதைகிறது. உதடு மரத்திருப்பது மூன்று மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். அதற்குள் டாக்டர் சொன்ன வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள். எனக்கு எடுத்த அன்று, யாரோ ஒருவருடைய உதட்டைக் கடன் வாங்கி ஒட்டியதுபோல் இருந்ததால் திரும்பத் திரும்பக் கடித்துப் பார்த்தேன். உணர்வு திரும்பியபோதுதான் தெரிந்தது, பல் எடுத்த குழியைவிட உதட்டில்தான் புண் பெரிசு.