வாலை அறுத்தது சுறா அல்ல

சென்ற வாரம் பிரேதப் பரிசோதனைக்கு மீண்டும் ஒன்று வந்தது. ராமநாதபுரம் கடற்கரையில் ஒதுங்கிய பெண் டால்பின், கூன்முதுகு இனம். வால் துடுப்பு இல்லை. 'சுறா கடித்து இறந்த டால்பின்' என்று மறுநாள் செய்தி போட்டுவிட்டார்கள். சுறா கடித்தால் சதை பிறை வடிவில் போய், ஓரமெல்லாம் பிசிறடித்துக் கிடக்கும். இதிலோ முதுகெலும்பின் இரண்டு கணுக்களுக்கு நடுவே நேர்கோடாக வெட்டு. மீன் அறுத்துப் பழகிய கை அது. வெட்டின் ஓரத்தில் ரத்தம் கட்டவும் இல்லை. அதாவது, வாலை அறுக்கும்போது உடலில் உயிர் இல்லை.

அலகைச் சுற்றி நூல் பதிந்த மெல்லிய கோடுகள் இருந்தன. பக்கத் துடுப்பின் முன்விளிம்பிலும் அதே கோடுகள். நுரையீரலை அறுத்தால் மூச்சுக்குழாய் வரை நுரை. இரைப்பையில் பாதி செரித்த மீன்கள். 'ஏதாவது நோயாக இருக்கும், மாசாக இருக்கும்' என்று உடன் நின்றவர் சொல்லிக்கொண்டிருந்தார். மாசும் நோயும் டால்பின்களைக் கொல்வது உண்டுதான். ஆனால் நோயாளி செத்துப்போகும் அன்றைக்கு வயிறு நிறைய விருந்து சாப்பிட்டிருக்காது. இது வலையில் மாட்டி, மூச்சு முட்டிச் செத்தது. வலையை மீட்பதற்காக வாலை அறுத்துவிட்டு உடலைக் கடலில் தள்ளியிருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் வழக்கமான கேள்வி வந்தது: "கடலிலேயே பிறந்து வளரும் பிராணி எப்படி டாக்டர் மூச்சு முட்டிச் சாகும்?" காவலர் கேட்கிறார், நிருபர் கேட்கிறார், பள்ளியில் அறிவியல் நடத்தும் ஆசிரியரும் கேட்கிறார். சரி, மீண்டும் சொல்கிறேன். டால்பின் மீன் இல்லை. அதற்குச் செவுள் கிடையாது. உங்களுக்கும் எனக்கும் இருப்பதுபோல நுரையீரல்தான். தலை உச்சியில் இருக்கும் ஒரே மூக்குத் துளையை நீருக்கு மேலே கொண்டுவந்து திறந்தால்தான் அதற்குக் காற்று. நாம் தூங்கினாலும் மயங்கினாலும் மூச்சு தானாக ஓடும். டால்பினுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு மூச்சையும் அதுவாக நினைத்து எடுக்க வேண்டும். அதனால்தான் அது தூங்கும்போதுகூட மூளையின் ஒரு பாதி விழித்திருக்கிறது. பிறந்த குட்டிக்கு முதல் வேலை மேலே வந்து காற்றை இழுப்பது. பால் குடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. இப்படிப்பட்ட விலங்கை நீருக்கு அடியில் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? கரையோர டால்பின்கள் ஒரு முழுக்கில் சில நிமிடங்கள்தான் தாங்கும். வலையோ இரவு முழுக்கக் கடலில் கிடக்கிறது.

பிரேதப் பரிசோதனை செய்யும் என் துறையினருக்கும் ஒரு வார்த்தை. 'நுரையீரலில் தண்ணீர் இல்லை, எனவே மூழ்கிச் சாகவில்லை' என்று அறிக்கை எழுதாதீர்கள். மூக்குத் துளையை இறுக மூடிக்கொண்டு, பெரும்பாலும் கடைசிவரை திறக்காமலேயே சாகும் பிராணி இது. தண்ணீரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. தோலைப் பாருங்கள். அதுவும் சீக்கிரம் பாருங்கள், நம் வெயிலில் ஒரே நாளில் தோல் உரிந்து, நூல் தடமும் அதோடு போய்விடும்.

'ஒலி எழுப்பி எதிரொலியில் பார்க்குமே, வலை தெரியாதா?' என்பது அடுத்த கேள்வி. மெல்லிய ஒற்றை நைலான் இழையில் பின்னிய தங்கூசி வலையின் எதிரொலி மிக மங்கலானது. மீனைத் துரத்தும் வேகத்தில் அது கண்டுகொள்ளப்படுவதில்லை. அவ்வளவுதான்.

2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஏறியபோது நாடே பார்த்தது. அவையும் டால்பின் குடும்பம்தான். ஆனால் வலையில் சாவது ஒவ்வொன்றாகச் சாகிறது. பெரும்பாலானவை கரைக்கே வருவதில்லை. அதனால் யாரும் பார்ப்பதில்லை. இந்தியப் பெருங்கடலில் சூரை (டூனா) மீன் பிடிக்கும் செவுள் வலைகளில், அதாவது மீனின் செவுள் சிக்கும்படி சுவர்போலத் தொங்கும் வலைகளில், 1950 முதல் 2018 வரை சுமார் 41 லட்சம் டால்பின்களும் சிறு திமிங்கிலங்களும் மாட்டியிருக்கும் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 என்றும் அது சொன்னது. இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் நீளமான மிதவை வலைகள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலில் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டு, 1992 இறுதியோடு நிறுத்தச் சொன்னது. தீர்மானத்துக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. வலைகள் நீண்டுகொண்டே போகின்றன.

உடனே மீனவரைத் திட்டக் கிளம்பாதீர்கள். "ஓங்கலை (டால்பினை) பிடிக்க வேண்டும் என்று யாரும் வலை எடுத்துப் போவதில்லை, சார். அது விழுந்தால் எனக்கு வலை போச்சு, அன்றைய பாடும் (மீன்வரவும்) போச்சு" என்றார் பாம்பனில் ஒரு பெரியவர். முழுக்க உண்மை. அதற்கு மேல் பயம். பாதுகாக்கப்பட்ட உயிரினம், சொன்னால் வழக்கு வரும் என்று அறுத்துத் தள்ளிவிடுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் 2018 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை அறுத்தால், படத்தைக் காட்டி 25,000 ரூபாய் வரை இழப்பீடு பெறலாம். வலையை அறுத்தவருக்குப் பணம், வாலை அறுப்பதற்கு அவசியமே இல்லை. இந்த எளிய கணக்கு நம் ஊரில் நீரோட்டத்தோடு மிதக்கும் வழிவலை போடுகிறவர் ஒவ்வொருவருக்கும் தாமதமின்றிக் கைக்கு வந்து சேர வேண்டும்.

படகு வைத்திருப்பவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். மிதவைக் கயிற்றை நீட்டி, வலையின் மேல்விளிம்பை 2 மீட்டர் தாழ்த்தி இறக்குங்கள். அரபிக்கடலில் பாகிஸ்தான் சூரைப் படகுகள் இதைச் செய்தபோது டால்பின் மாட்டுவது வெகுவாகக் குறைந்தது. இந்தியப் பெருங்கடல் நாடுகளின் சூரை ஆணையமும் இதைத்தான் சொல்கிறது. பாடு குறையுமோ என்ற பயம் புரிகிறது. ஒரு பருவம் பாதி வலையை மட்டும் தாழ்த்தி, நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். டால்பின் கூட்டம் கண்ணெதிரே மேய்கிறது என்றால் அங்கே வலை போடாதீர்கள். வலையை இறக்கிவிட்டு விடியும்வரை தூங்காமல் அவ்வப்போது வலையோரமாகப் படகை ஓட்டிப் பாருங்கள். உயிரோடு மாட்டியிருந்தால் முதலில் மூக்குத் துளையை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிறகு நூலை அறுங்கள். வாலைப் பிடித்து இழுத்தால் முதுகெலும்பு விலகும். கிழிந்த வலையைக் கடலில் வீசாதீர்கள். அது ஆளில்லாமலே பிடித்துக்கொண்டிருக்கும்.

 

கரையில் நிற்பவர்களுக்கு: உயிரோடு ஒதுங்கியதைத் தள்ளிக் கடலில் விட்டால் காப்பாற்றியதாக நினைக்காதீர்கள், பலமுறை அது திரும்பியே வரும். மூக்குத் துளையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தாகம் என்று நினைத்துக் குடம் குடமாக ஊற்றுகிறார்கள், கோபம்தான் வருகிறது. உடல்மேல் ஈரத்துணி போடுங்கள், துளையை மட்டும் திறந்து விடுங்கள். குழந்தையை மேலே உட்காரவைத்துப் படம் எடுக்காதீர்கள் என்று இன்னும் எத்தனை முறை சொல்வது? அதன் மூச்சிலிருந்து நமக்கு நோய் தொற்றும் வாய்ப்பும் இருக்கிறது.

செத்ததாக இருந்தால் உடனே ஜேசிபியை அழைத்துப் புதைத்துவிடாதீர்கள். வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வருவதற்குள் அலகு, துடுப்பு விளிம்பு, வால், வயிறு நான்கையும் பக்கத்தில் ஒரு செருப்பை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். இருட்டிவிட்டால் ஈரச்சாக்கு போட்டு மூடி, நாய்களை விரட்ட ஓர் ஆளை நிறுத்துங்கள். விடிந்ததும் நாங்கள் வந்துவிடுவோம்.