கெயின் என்றால் பெருக்கம்

ஒலிப்பதிவு மிக்ஸரில் ஒவ்வொரு மைக் வரிசையின் உச்சியிலும் ஒரு குமிழ் இருக்கும். அதுதான் கெயின். அடியில் விரலால் மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடர். இரண்டும் சத்தத்தைக் கூட்டத்தானே என்று நினைத்துப் பதிவைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. கெயினையும் 'வால்யூம்' என்றே சொல்லிப் பழகியது பாதிக் காரணம்.

கெயின், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் ஜெர்மானிய வேர் வேட்டையாடுவதையும் இரை தேடுவதையும் குறித்தது. தேடிக் கிடைத்தது ஆதாயம் ஆயிற்று. அப்புறம் தொலைபேசிப் பொறியாளர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். நெடுந்தூரக் கம்பியில் குரல் தேய்வது 'லாஸ்', வழியில் கருவி வைத்து அதை மீட்பது 'கெயின்'. இந்த ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகான டெசிபெல்லும் அங்கே பிறந்ததுதான். அதிலுள்ள பெல், அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

தமிழில் என்ன சொல்வது? இலங்கைப் பாடநூல்களில் 'நயம்' உண்டு. நயத்துக்கு லாபம் என்றும் பொருள் இருப்பதால் மூலத்துக்கு நெருக்கமான சொல். தமிழ்நாட்டு இயற்பியல் நூல்கள் 'பெருக்கம்' என்கின்றன. ஆம்ப்ளிஃபயர் 'பெருக்கி' ஆனதும் இதே வழியில்தான். நயம் அழகான சொல். ஆனாலும் ஒலிப்பதிவுக்கு நான் பெருக்கத்தையே எடுப்பேன், ஏனென்றால் அந்தக் குமிழ் செய்வது உண்மையிலேயே பெருக்கல். 20 டெசிபெல் என்றால் மைக்கின் மின்னழுத்தம் 10 மடங்கு, 40 என்றால் 100, 60 என்றால் 1000. மைக் தருவது பெரும்பாலும் சில மில்லிவோல்ட்தான், அதனால் இவ்வளவு தேவைப்படுகிறது. குரலோடு மின்விசிறியின் இரைச்சலும் அதே மடங்கு பெருகும் என்பதும் இந்தச் சொல்லிலேயே விளங்கிவிடுகிறது. ஃபேடரில் உள்ள 0 குறியும் அப்படித்தான். சத்தம் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒன்றால் பெருக்குவது, வந்தது வந்தபடி போகும்.

வால்யூமுக்கு ஒலியளவு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அது காதுக்கு எட்டுவதன் அளவு. பெருக்கம் மைக்கின் வாசலிலேயே நடந்து முடிகிற காரியம்.

பாடுபவர் மைக் முன் நின்று "ஒன்று, இரண்டு" என்று மெல்லச் சொல்கிறார். அதை நம்பிக் குமிழைத் திருகி வைக்கிறோம். பாட்டு உச்சத்துக்குப் போனதும் சிவப்பு விளக்கு எரிகிறது, அலையின் முகடு வெட்டுப்பட்டுக் குரல் கரகரக்கிறது. பதறிப்போய் ஃபேடரை இறக்கினால் அதே கரகரப்பு சன்னமாகக் கேட்கும், அவ்வளவுதான். வெட்டு பெருக்கியிலேயே விழுந்துவிட்டது.

அதனால் பாட்டில் மிக உரத்த வரியைப் பாடச் சொல்லுங்கள். ஃபேடர் 0 குறியில் இருக்கட்டும். பெருக்கத்தை அடியிலிருந்து மெல்ல ஏற்றி, டிஜிட்டல் மீட்டரில் முகடு மைனஸ் 12 அருகே நிற்கும்படி வையுங்கள். இந்த மீட்டரின் 0 வேறு, ஃபேடரின் 0 வேறு; இங்கே 0 என்பது கூரை. முகட்டுக்கும் கூரைக்கும் நடுவே விடுகிற இடம்தான் ஹெட்ரூம், அதாவது தலை இடிக்காமல் இருக்க விடும் உயரம். 'மேலிடைவெளி' என்று சொல்லலாம். சோதனையில் பாடியதைவிட உண்மைப் பதிவில் எல்லோரும் கொஞ்சம் உரக்கத்தான் பாடுவார்கள். அந்த 12 டெசிபெல் அவர்களுக்காக விட்ட இடம்.