இருவருக்கும் பிடித்திருந்தும் ஏன் தெரிவதில்லை? ஒரு பள்ளிக்காதல் மங்காவும் மனத்தைப் படிக்கும் திறனும்

மங்கா என்பது ஜப்பானியச் சித்திரக்கதை. உயர்நிலைப் பள்ளிக்காதல் மங்காக்களைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஏதோவொரு தொகுதியில் பொறுமை போய்விடும். அவனுக்கு அவளைப் பிடித்திருப்பதும் அவளுக்கு அவனைப் பிடித்திருப்பதும் வாசகருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகின்றன. அந்த இருவருக்கு மட்டும் பல தொகுதிகள் கடந்தும் தெரிவதில்லை. கருஹோ ஷீனா எழுதி வரைந்து, 'பெஸ்ஸாட்சு மார்கரெட்' மாத இதழில் வெளிவந்து, 2017இல் நிறைவுற்று, 30 தொகுதிகளாக வந்த 'கிமி நி தொதோகே' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீண்ட கருங்கூந்தலும் சிரிக்கத் தெரியாத முகமும் ஒரு திகில்படப் பேயை நினைவூட்டுவதால் 'சடாகோ' என்ற பட்டப்பெயர் பெற்று வகுப்பில் ஒதுக்கப்பட்டவள் சவாகோ. எல்லாருக்கும் பிடித்தமான வகுப்புத்தோழன் கசெஹாயா தன்னிடம் காட்டும் அக்கறையை, அவன் யாரிடமும் காட்டும் நல்ல குணம் என்றே அவள் எடுத்துக்கொள்கிறாள். காதலர் தினத்தன்று தோழிகளுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தவள், அவனுக்கென்று செய்ததை மட்டும் கொடுக்கத் துணியாமல் நின்றுவிடுகிறாள். தனக்கு மட்டும் கிடைக்காததை அவன் தன்மேல் விருப்பமில்லை என்பதற்கான அடையாளமாகக் கொள்கிறான்.

கதையை இழுப்பதற்கான உத்தி இது என்று சொல்லிவிடலாம். ஓரளவுக்கு அது உண்மையும்கூட. மாத இதழ் அடுத்த மாதமும் விற்றாக வேண்டும். ஆனால் இந்தச் சாக்லேட் குழப்பத்தை ஏறக்குறைய இதே வடிவில் ஜாக்கி வொராவர், ரெபேக்கா ராட்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1996இல் ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள். ஒருவரையொருவர் விரும்பக்கூடிய இருவர் சந்திக்கிறார்கள், யாரும் முதலடி எடுத்துவைக்கவில்லை என்ற சூழலில், நீங்கள் ஏன் தயங்கினீர்கள் என்று கேட்டபோது, மறுக்கப்பட்டுவிடுவோமோ என்ற அச்சத்தைத்தான் பெரும்பாலோர் காரணமாகச் சொன்னார்கள். எதிரில் இருப்பவர் ஏன் தயங்கினார் என்று கேட்டபோதோ, அவருக்கு நாட்டமில்லை என்றார்கள். செயல் ஒன்றுதான், விளக்கம் இரண்டு. தன் மௌனத்துக்குப் பின்னால் இருக்கும் அச்சம் ஒருவருக்கு உள்ளிருந்தே தெரிகிறது. அடுத்தவரின் மௌனமோ வெறும் மௌனமாக மட்டுமே கண்ணில் படுகிறது.

இத்துடன் இன்னொரு கோணலும் சேர்ந்துகொள்கிறது. நம் உள்ளத்தில் நடப்பது வெளியே தெரிந்துவிடுகிறது என்று நாம் மிகையாக நம்புகிறோம். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்றில், வரிசையாக வைத்த பானங்களைச் சிலர் குடித்தார்கள். சில கோப்பைகளில் மட்டும் வாயில் வைக்க முடியாத சுவை, ஆனால் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. எத்தனை பேர் தங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று குடித்தவர்கள் சொன்ன கணக்கு, உண்மையில் கண்டுபிடித்தவர்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாகவே இருந்தது. கசெஹாயா தன் விருப்பம் பளிச்சென்று தெரிவதாகவே நினைத்திருக்கக்கூடும். அப்படித் தெரிந்தும் அவள் விலகி நிற்கிறாள் என்றால், அவனைப் பொறுத்தவரை அதுவே பதிலாகிவிடுகிறது.

பெரியவர்களுக்கும் பொருந்தும் இந்தக் கோணல்கள் பதின்ம வயதில் கூர்மையாவதற்குக் காரணம் உண்டு. ஒருவர் உண்மைக்கு மாறான ஒன்றை நம்பக்கூடும் என்பதைக் குழந்தை 4, 5 வயதிலேயே புரிந்துகொள்கிறது. ஆனால் தெரிந்திருப்பது வேறு, நடக்கும்போதே அதைக் கையாள்வது வேறு. லண்டனில் சாரா-ஜேன் பிளேக்மோரின் குழு 7 முதல் 27 வயது வரையிலானவர்களிடம் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அலமாரியின் மறுபுறம் நிற்பவர் சொல்லும் பொருளை எடுத்து நகர்த்தச் சொன்னார்கள். அவருக்குச் சில தட்டுகள் மறைந்திருக்கும் என்பதை நினைவில் வைத்துச் செயல்பட வேண்டும். பதின்ம வயதின் பிற்பகுதியில் இருந்தவர்கள்கூடப் பெரியவர்களைவிட அதிகம் தவறினார்கள். பொருள்களை நகர்த்துவதிலேயே இப்படியென்றால், வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்போது பிடித்தவனின் மனத்தைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தன் மனமே அந்த வயதில் எளிதில் பிடிபடுவதில்லை. எரிக் நூக்கும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 5 முதல் 25 வயது வரையிலானோர் படங்களைப் பார்த்துத் தாங்கள் உணர்ந்ததைக் குறித்தார்கள். சிறுவர்கள் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஓர் உணர்ச்சியையே சொன்னார்கள். பதின்ம வயதினர் ஒரே நேரத்தில் பல உணர்ச்சிகளைச் சொன்னார்கள், ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவதில் அவர்கள்தாம் பின்தங்கினார்கள். இதயம் படபடக்கிறது, அழுகை வருகிறது, ஓடிவிடத் தோன்றுகிறது. இது நன்றியா, மரியாதையா, காதலா என்று சவாகோ பல அத்தியாயங்களாகத் தடுமாறுவதை நான் இந்த மங்காவின் மிக நேர்மையான பகுதியாகக் கருதுகிறேன்.

வாசகருக்கு மட்டும் எல்லாம் தெரிவது எப்படி? பதின்ம வயதுப் பெண்களுக்கான ஷோஜோ மங்கா பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்த பக்க அமைப்பே இதற்குக் காரணம். வாய்விட்டுச் சொன்னது பேச்சுக் குமிழிக்குள் இருக்கும். சொல்லாதது குமிழியில்லாமல் கட்டங்களுக்கு மேலும் இடையிலும் மிதக்கும். ஒரே பக்கத்தில் சவாகோவின் எண்ணமும் அடுத்த கட்டத்திலேயே கசெஹாயாவின் எண்ணமும் கிடைப்பதால், 'அவள் விரும்பவில்லை என்று அவன் நினைப்பதாக அவளுக்குத் தெரியாது' என்ற சிக்கலான அடுக்கை வாசகர் சிரமமின்றித் தாங்கிக்கொள்கிறார். கண்களைப் பெரிதாக வரையும் மரபும் இங்கே உதவுகிறது. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் மசாகி யூகி குழுவினர் 2007இல் காட்டியபடி, உணர்ச்சியை அறிய அமெரிக்கர்கள் வாயைக் கூடுதலாக நம்ப, ஜப்பானியர்கள் கண்களைக் கூடுதலாக நம்புகிறார்கள்.

கதைமாந்தர்களுக்கு இந்த வசதி இல்லை. அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தால் அவர்களுக்குத் தெளிவு பிறந்திருக்காதா? தல் எயால், மேரி ஸ்டெஃபெல், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2018இல் வெளியிட்ட 25 சோதனைகள், அப்படிக் கற்பனை செய்வதால் கணிப்பின் துல்லியம் கூடுவதில்லை என்று காட்டின. நேரில் பேசித் தெரிந்துகொண்டபோதுதான் துல்லியம் கூடியது. சவாகோவும் செய்யாததல்ல அந்தக் கற்பனை. அவள் அதை அளவுக்கு மீறியே செய்கிறாள். தன்னைத் தாழ்வாக எண்ணும் ஒருத்தி அவன் இடத்தில் நின்று பார்த்தாலும், அங்கிருந்து அவளுக்குத் தெரிவது அவள் ஏற்கெனவே நம்பும் தாழ்வான சவாகோதான். ஜப்பானியப் பள்ளிக்காதலில் 'கொகுஹாகு' என்று தனிப் பெயரே பெற்ற நேரடி வாக்குமூலம் இதனால்தான் கதையின் மையமாகிறது: 'உன்னைப் பிடித்திருக்கிறது' என்று எதிரில் நின்று சொல்லிவிடுவது.

ஷீனாவின் கதை அந்த வாக்குமூலத்தோடு முடிவதில்லை. அது பாதிவழிக்கு முன்பே வந்துவிடுகிறது. காதலர்களான பின்னும் கசெஹாயா நெருங்கத் தயங்குகிறான், சவாகோ அதற்கு வேறு பொருள் கொண்டு கலங்குகிறாள். லின்டா ஸ்டின்சனும் வில்லியம் இக்கிஸும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், நண்பர்கள் அந்நியர்களைவிட ஒருவர் எண்ணத்தை மற்றவர் நன்றாக ஊகித்ததற்குப் பெரிதும் உதவியது, வேறு இடத்தில் வேறு நேரத்தில் நடந்தவற்றைப் பற்றி அவர்களுக்குள் ஏற்கெனவே சேர்ந்திருந்த அறிவுதான். அத்தகைய அறிவு ஒரு நாளில் சேர்வதில்லை என்பதால், வாக்குமூலத்துக்குப் பிந்தைய தொகுதிகளின் எண்ணிக்கை எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.