வளைந்து வரும் வயர்லெஸ்

தொண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் படகு வயர்லெஸ் பெரும்பாலும் கொஞ்ச தூரம் போனதும் கரையை விட்டுவிடுகிறது. ஆனால் சில விடியற்காலைகளில் எங்கோ தொலைவில் பேசுவதுகூடப் பக்கத்தில் பேசுவதுபோல் கேட்கிறது. மெஷின் கோளாறா?" கோளாறு இல்லை, காற்றின் வேலை.

இந்தக் கேள்வியில் போலீசுக்கும் பங்கு உண்டு. சென்னை மாகாணப் போலீஸ் 1859 சட்டத்தில் உருவானது, அதன் கண் நெடுங்காலம் தரையில்தான் இருந்தது. கடலுக்கென்று தமிழகக் காவல்துறையில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் வந்தது 1994-ல். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு நாடு முழுக்கவே கடலோரக் காவல் பலப்பட்டது. 12 டன், 5 டன் ரோந்துப் படகுகள் ஓடுகின்றன. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது 22.2 கிலோமீட்டர் வரை அவர்கள் பொறுப்பு. தனுஷ்கோடியில் அதற்கு முன்பே இலங்கை எல்லை வந்துவிடும்.

சரி, அந்த 22 கிலோமீட்டரைக் குரல் எப்படிக் கடக்கிறது?

தேவிபட்டினம் கரையில் நின்று, கடலுக்குப் போகும் ஒரு படகையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அடிப்பகுதி மறைந்தது, அப்புறம் ஆட்கள், கடைசியில் கம்பத்துக் கொடி. பூமியின் வளைவு அப்படி. உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் கண்ணுக்கு எட்டும் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். இரண்டு மீட்டர் உயரக் கண்ணுக்கு 5 கிலோமீட்டர், அவ்வளவுதான்.

ரேடியோ அலைக்கு அந்த எண் 4.12. மேலே போகப்போகக் காற்று அடர்த்தி குறைவதால் அலை லேசாகக் கீழே வளைகிறது. அதனால் கண்ணைவிட அதற்குக் கொஞ்சம் தூரம் அதிகம். கரையில் 25 மீட்டர் கம்பம் இருந்தால் 20.6 கிலோமீட்டர், படகில் 4 மீட்டர் உயர ஆன்டெனா என்றால் 8.2. கூட்டினால் கிட்டத்தட்ட 29. பன்னிரண்டு மைல் அதற்குள் அடங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு மேல் நடப்பதுதான். கோடையில் கச்சான் எனும் மேற்குக் காற்று சூடான நிலத்தைக் கடந்து, வறண்டு, வெதுவெதுப்பாகக் கடல்மீது வந்து படர்கிறது. அதன் அடியில் கடலை ஒட்டி ஈரமான, குளிர்ந்த காற்று கிடக்கிறது. குளிர்ந்த ஈரக்காற்றில் ரேடியோ அலை சற்று மெதுவாகவும், மேலே உள்ள வறண்ட காற்றில் சற்று வேகமாகவும் போகும். அலையின் மேல்பக்கம் முந்த, கீழ்ப்பக்கம் பிந்த, அலை முழுவதும் கீழ்நோக்கித் திரும்புகிறது. அந்தத் திருப்பம் பூமியின் வளைவை மிஞ்சிவிட்டால் அலை வானுக்குத் தப்பாது. கடலில் பட்டு எழும்பி, மறுபடி வளைந்து, கடலுக்கும் மேலே உள்ள வறண்ட அடுக்குக்கும் நடுவே வாய்க்கால் நீர்போல ஓடும். தொடுவானத்துக்கு அப்பாலும் போகும்.

எல்லா அலையும் இதில் சிக்காது. நூறு மீட்டருக்கும் மேல் கனமான அடுக்கு இருந்தால்தான் படகுகள் அழைக்கும் 16-ஆம் சேனல் மாட்டும். அதன் அலைநீளம் 1.9 மீட்டர், ஏறத்தாழ நாலு முழம். ராடாரின் சென்டிமீட்டர் அலைக்கோ பத்துப் பதினைந்து மீட்டர் அடுக்கே போதும். அதனால் குரல் எட்டாத நாளிலும் ராடார் திரையில் தொலைவுப் படகுகள் தெரியக்கூடும்.

ரோந்துப் படகு வாங்கச் செலவிடுவதில் சிறு பங்கையாவது இந்தக் காற்றடுக்கை அன்றாடம் அளப்பதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கம்பத்தில் மூன்று நான்கு உயரங்களில் வெப்பமானியும் ஈரமானியும் கட்டினாலே, கடலை ஒட்டிய அடுக்கை ராடார்காரர்கள் முன்கூட்டி அறியலாம்.

தொண்டி நண்பருக்கு ஒன்று: அந்த விடியற்காலைக் குரலை நம்பிக் கடலில் இருக்காதீர்கள். வெயில் ஏற, காற்று கலைந்தால் அடுக்கும் கலைந்துவிடும். ஆன்டெனாவை டெக்கில் வைக்காமல் கம்பத்தின் உச்சியில் கட்டுங்கள். ஒரு மீட்டரில் இருந்ததை நான்கு மீட்டருக்கு ஏற்றினால் உங்கள் பக்கத் தூரம் இரட்டிப்பாகும். செல்போனில் சிக்னல் இருக்கும் வரை 1093 என்ற கடலோரக் காவல் எண்ணும் கைகொடுக்கும்.