ஏஜிசம்: வயதுவாதமா, வயது இளக்காரமா?

சமூகப்பணிப் பயிற்சிகளிலும் முதியோர் நலக் கட்டுரைகளிலும் 'வயதுவாதம்' என்ற சொல் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. வயதை வைத்து ஒருவரைக் குறைவாக எண்ணுவதையும் நடத்துவதையும் ஆங்கிலத்தில் ஏஜிசம் (ageism) என்கிறார்கள். அதற்கு இதுதான் தமிழாம். என்னால் ஏற்க முடியவில்லை.

மூலச்சொல்லுக்கு வயது அதிகமில்லை. வாஷிங்டனை ஒட்டிய செவி சேஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை ஏழை முதியவர்களுக்குக் கொடுக்கும் திட்டம் வந்தது. அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். அந்த மனப்பான்மைக்கு மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969-இல் வைத்த பெயர்தான் ஏஜிசம்.

சரி, வாதத்துக்கு வருவோம். வாதம் என்றால் ஒரு கொள்கையை நிலைநாட்டப் பேசுவது. தேசியவாதி தன்னைத் தேசியவாதி என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார். வயதானவர்களை ஒதுக்குவதுதான் என் கொள்கை என்று யாராவது மேடையேறிச் சொல்கிறார்களா? 'இனவாதம், மதவாதம் நிலைத்துவிட்டனவே' என்பார்கள். அவற்றுக்குக் கட்சி உண்டு, கோஷம் உண்டு. இது அப்படியில்லை, செய்கிறவருக்கே தெரியாமல் நடப்பது. அதோடு பக்கவாதம், முடக்குவாதம், கீல்வாதம் என்று முதியவர்கள் காதில் 'வாதம்' எப்போதும் நோயாகவே விழுந்திருக்கிறது. அவர்களிடம் போய் 'வயதுவாதம்' என்றால் மூட்டுவலிக்கு முகாம் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். யாருக்காகப் பேசுகிறோமோ அவர்களுக்கே புரியாத சொல் எதற்கு? இஸம் என்று கண்டவுடன் 'வாதம்' முத்திரையைக் குத்திவிட்டு நகர்வது மொழிபெயர்ப்பு ஆகாது. மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் அந்தச் சொல் சுட்டும் நடப்பை ஒரு நிமிடம்கூடப் பார்ப்பதில்லை.

'வயதுப் பாகுபாடு' இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது பாதியைத்தான் சொல்கிறது. வேலையில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா 1967-லேயே, 40 முதல் 65 வயதுவரை உள்ளவர்களுக்காகக் கொண்டுவந்துவிட்டது. பட்லர் அதற்குப் பிறகும் புதுச்சொல் தேடினார் என்றால் காரணம் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் 2021 அறிக்கையும் எண்ணம், உணர்வு, செயல் என்று மூன்றையும் ஏஜிசத்துக்குள் வைக்கிறது. பாகுபாடு மூன்றாவது மட்டுமே.

மருத்துவரின் அறையைப் பாருங்கள். அம்மா நாற்காலியில் இருக்கிறார். மருத்துவர் மகனிடம், "ராத்திரி தூங்குறாங்களா?" என்கிறார். "ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது டாக்டர்" என்று அம்மாவே பதில் சொல்கிறார். அடுத்த கேள்வியும் மகனுக்குத்தான் போகிறது. இங்கே வெறுப்பு இல்லை, இகழ்ச்சிகூட இல்லை. ஆளை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இதற்குத் தமிழில் சொல் இருக்கிறது: இளக்காரம். 'வயசாயிடுச்சுன்னு இளக்காரமா?' என்று வீட்டுக்கு வீடு கேட்கிற சொல். 'வயது இளக்காரம்' என்றால் அகராதி தேவையில்லை. 'சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்' என்று இளையவர்களை மட்டம்தட்டுவதும் இதில் அடங்கும். கலைச்சொல் போல் ஒலிக்கவில்லை என்பது ஒரு குறையே அல்ல. சட்டத்துக்கு 'வயதுப் பாகுபாடு' என்ற சொல்லே இருக்கட்டும்.

அப்புறம், தன்னைத்தானே குறைத்துக்கொள்வதும் ஏஜிசம்தான். 'இந்த வயசுல எனக்கெதுக்குக் கண் ஆபரேஷன்' என்கிறவரிடம் யாரும் பாகுபாடு காட்டவில்லை. தன் வயதை அவரே இளக்காரமாக எண்ணுகிறார். தன் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததை யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி 2002-இல் காட்டினார். முதியோரிடம் இதைப் பற்றிப் பேசப்போகிற சமூகப்பணியாளர் கையில் அவர்களுக்குப் புரிகிற சொல்லைக் கொடுங்கள்.