பை வரும், எரிச்சல் மாத்திரை வராது

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிறது. சுகர், பிரஷர் மாத்திரை பையில் வீட்டுக்கே வரும். சுகரால் நரம்பு கெட்டு வரும் பாத எரிச்சலுக்கும் ராத்திரி ஊசி குத்துவதுபோல வரும் வலிக்கும் அந்தப் பையில் மாத்திரை தேடாதீர்கள். அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுப் போட்டே ஆக வேண்டும். கம்பம், கூடலூரிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி தாண்டி ஏலத்தோட்டம் போகிறவருக்கு அது ஒரு நாள் கூலி.

சுகர் நோட்டோடு, கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட்டான கிரியாட்டினின் ரிசல்ட்டையும் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் "டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று இன்னொரு கூலியும் போகும். கேட்பதில் நியாயம் இருக்கிறது: கிட்னி பழுதானவருக்கு, நரம்பு வலி மாத்திரைகளான பிரிகாபலின், காபாபென்டின் இரண்டையுமே குறைத்துத்தான் தர வேண்டும். முதல் முறையே இதைச் சொல்லி அனுப்பலாமே, சொல்வதில்லை. சுகர் மாத்திரையான மெட்பார்மினைப் பல வருஷம் சாப்பிடுகிறவர் வைட்டமின் பி12 டெஸ்ட்டும் கேளுங்கள். அது குறைந்தாலும் கால் எரியும்.

கேரளாவில் டாக்டர் எழுதிய சீட்டுக்கு இங்கே ஆஸ்பத்திரி கவுண்டரில் மருந்து தரமாட்டார்கள். அதை ஓ.பி. டாக்டரிடம் காட்டி, நம் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஆனால் மருந்துக் கடைக்காரர் "கேரளா சீட்டு செல்லாது" என்றால் அது தப்பு. பதிவு பெற்ற டாக்டர் சீட்டு எந்த மாநிலத்திலும் செல்லும். கம்பெனி பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதச் சொன்னால் மக்கள் மருந்தகத்தில் மலிவாக வாங்கலாம். காப்பீட்டு அட்டையை நீட்டிப் பயனில்லை, ஓ.பி. மாத்திரைக்கு அது ஓடாது.

பலர் ஏமாறுவது அமிட்ரிப்டிலினில். மனச்சோர்வுக்கும் தருகிற மாத்திரை என்பதால் "என்னைப் பைத்தியம்னு நெனச்சிட்டாங்க" என்று தூக்கிப் போடுகிறார்கள். நரம்பு வலிக்கு ராத்திரி 10 மி.கி.யில் தொடங்கும் நல்ல மருந்து அது. இதயக் கோளாறோ, நீர் பிரியாத தொல்லையோ, கண் அழுத்தமோ இருந்தால் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். காலையில் தூக்கக் கலக்கம் தங்கும். விடியுமுன் ஜீப் ஏறுகிறவர் எப்போது போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலன் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதற்குள் டைக்ளோபினாக் என்ற வலி ஊசிக்கு ஓடாதீர்கள். இந்த வலிக்கு அது கேட்காது, கிட்னிதான் கெடும்.

பிரிகாபலினைத் திடீரென நிறுத்தக் கூடாது. தீர ஒரு வாரம் இருக்கும்போதே போங்கள். "ஸ்டாக் இல்லை" என்றால் கவுண்டரில் வாதாடாமல், அதே சீட்டோடு டாக்டரிடம் திரும்பி, இருக்கிற மருந்தாக மாற்றி எழுதித் தரக் கேளுங்கள்.