ட்ரெய்லர் பார்த்தால் ஏன் புல்லரிக்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பல வருஷம் காத்திருந்த இரண்டாம் பாகத்தின் ட்ரெய்லரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எல்லா ஷாட்டும் மனப்பாடம். ஆனாலும் ஹீரோவின் முகம் தெரிவதற்குச் சற்று முன்னால், மியூசிக் ஏறும்போதே புல்லரித்துவிடுகிறது. தெரிந்த விஷயத்துக்கு ஏன் சிலிர்க்கிறது?”

‘சற்று முன்னால்’ என்று எழுதியிருக்கிறார் பாருங்கள், சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் தோலைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு குட்டித் தசை ஒட்டியிருக்கிறது. நாம் நினைக்காமலே தானாக இயங்கும் பரிவு நரம்பு தூண்டினால் அது சுருங்கி மயிரை நிமிர்த்தும். குளிருக்கும் பயத்துக்கும் இதே ஏற்பாடுதான். “இதை ஆராயவெல்லாமா பணம் கொடுக்கிறார்கள்?” என்று சிலர் கேட்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். 2020இல் ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் எலிகளில் ஒன்றைக் கண்டார்கள்: சிலிர்க்க வைக்கும் அதே நரம்பு, முடியை வளர்க்கும் ஸ்டெம் செல்களையும் தொட்டுத் தூண்டுகிறது, அந்த நரம்பை அங்கே பிடித்து வைத்திருப்பது இந்தக் குட்டித் தசை. அற்பம் என்று ஒதுக்கியிருந்தால் இது தெரியவந்திருக்காது.

சரி, நரம்பை முடுக்குவது எது? 2011இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸடோரே குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ட்ரெய்லரை வைத்து அல்ல, இசையை வைத்து. எந்த இசை கேட்டால் தங்களுக்குத் தவறாமல் சிலிர்க்குமோ, அதையே பங்கேற்றவர்கள் கொண்டுவந்தார்கள். அவர்கள் உடலில் ராக்ளோபிரைடு என்ற பொருளைச் செலுத்தினார்கள். மூளை செல்களுக்கிடையே சேதி கொண்டுபோகும் டோபமின் என்ற ரசாயனம் உட்காரும் அதே நாற்காலிகளில்தான் இதுவும் உட்காரும். டோபமின் பெருகினால் இதற்கு இடம் கிடைக்காது. இதில் கதிரியக்கக் கார்பன்-11 இருப்பதால், எங்கே குறைவாக ஒட்டியிருக்கிறது என்பது கதிரியக்கத்தைப் படமாக்கும் பெட் ஸ்கேனில் தெரியும். குறைந்த இடத்தில் டோபமின் சுரந்திருக்கிறது! இல்லாததை அளந்து இருப்பதைக் கண்டுபிடிக்கும் இந்த உத்தி எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆனால் பெட் ஸ்கேன் மெதுவானது. எந்த நொடியில் சுரந்தது என்று சொல்லாது. அதனால் அதே ஆட்களை, மூளையின் எந்தப் பகுதி எப்போது வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ கருவியிலும் படுக்கவைத்து, அதே இசையைப் போட்டார்கள். சிலிர்ப்பின் உச்சத்தில் வேலை செய்தது நியூக்ளியஸ் அக்யூம்பன்ஸ் என்ற பகுதி. அதற்கு முந்தைய நொடிகளில், ‘இதோ வரப்போகிறது’ என்று மனம் ஏங்கும்போது, காடேட் என்ற வேறொரு பகுதி. காத்திருப்புக்கும் கிடைப்பதற்கும் மூளையில் தனித்தனி இடங்கள்!

வாசகரின் கேள்விக்கு விடை இதுதான் என்று நினைக்கிறேன். மனப்பாடமாக இருப்பது சிலிர்ப்பைக் கெடுப்பதில்லை. எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று மூளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. தொடர் படங்களுக்கு இதில் கூடுதல் வசதி: பழைய தீம் மியூசிக்கின் நான்கு ஸ்வரம் போதும், காத்திருப்பு தொடங்கிவிடும். 2015 ஏப்ரலில் வந்த ஸ்டார் வார்ஸ் ஏழாம் பாகத்தின் டீசரில், 1983க்குப் பிறகு அந்தத் தொடரில் காணாத ஹாரிசன் ஃபோர்டின் முகத்தைக் கடைசி நொடிகள்வரை ஒளித்துவைத்தார்கள். உலகமெங்கும் ரசிகர்கள் கண்கலங்கியது அந்த இடத்தில்தான்.

படம் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புவதற்கும் டோபமினே காரணமாக இருக்கலாம். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை விஞ்ஞானி குரங்குகளிடம் நடத்திய சோதனைகளில், பழச்சாறு வரும் என்று அறிவிக்கும் விளக்குக்குக் குரங்கு பழகியதும், டோபமினைச் சுரக்கும் மூளை செல்கள் விளக்குக்கே துடித்தன. எதிர்பார்த்தபடி சாறு வந்தபோது அவற்றில் மாற்றமே இல்லை. வராதபோது வழக்கத்தைவிட அடங்கிப்போயின. எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கிடைத்தால்தான் அவை மறுபடி துள்ளும். அதனால்தான், கிளைமாக்ஸ் ஷாட்டைக்கூட விட்டுவைக்காமல் ட்ரெய்லரில் கொட்டிவிடும் வழக்கத்தை நான் அறவே வெறுக்கிறேன்.